திருவருகைக் காலத்துல கடவுள் சித்தத்தை தாழ்ச்சியோட நம்புறது எப்படி: முழு வழிகாட்டி

நவம்பர் கடைசி வாரம் ஆனா போதும், எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டத்துல இருந்து களியக்காவிளை வரைக்கும் கடை வாசல்ல எல்லாம் ஸ்டார் தொங்கிரும், குடில் செட்டு, சீரியல் லைட்டு, கேக் ஆர்டர் போர்டு எல்லாம் வந்துரும், கேரல் ரவுண்ட்ஸ் எந்த வீட்டுக்கு என்னைக்குன்னு அன்பியம் (பக்கத்து பக்கத்து கத்தோலிக்க குடும்பங்க சேந்த குழு) வாட்ஸ்அப் குரூப்புல ஒரு சின்ன சண்டையே நடக்கும். ஆனா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற இந்த நாலு வாரத்தை, அதாவது திருவருகைக் காலத்தை (அட்வென்ட்), திருச்சபை நமக்கு கொடுத்திருக்கிறது காத்திருந்து பழகத்தான். காத்திருக்க ஏதாவது ஒண்ணு எல்லா வீட்லயும் உண்டு. விசா வரல, கல்யாணம் அமையல, குழந்தை தங்கல, திருவனந்தபுரத்துல பயாப்ஸி ரிசல்ட்டுக்கு தேதி கொடுத்திருக்காங்க. அந்த நேரத்துல "எல்லாம் கடவுள் சித்தம்"னு சொல்றது ரொம்ப எளுப்பம், அதை நம்பிட்டு ராத்திரி தூங்கப் போறதுதான் கஷ்டம். இந்த நாலு வாரத்துல அதுக்கு எப்படிப் பழகலாம்னு முடிஞ்ச வரைக்கும் விவரமா எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கடவுள் சித்தத்தை நம்புறவங்க கேள்வி கேக்கலாம், அழலாம், கடவுள்கிட்ட சண்டையும் போடலாம், நாம செய்ய வேண்டிய வேலையை செஞ்சே ஆகணும். விட வேண்டியது முடிவு நான் நினைச்ச மாதிரிதான் வரணும்ங்கிற அந்த பிடிய மட்டும்தான். தாழ்ச்சின்னு நான் சொல்றதும் அதைத்தான், கடவுள் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ங்கிற மாதிரி பேசாம இருக்கிறது. இந்த ரெண்டையும் மறந்துட்டா கீழ சொல்ற எதுவும் வேலைக்கு ஆகாது.

முதல்ல கேலண்டர்

லத்தீன் ரீத்துல (ரீத்துன்னா வழிபாட்டு முறை) திருவருகைக் காலம் நவம்பர் 30-க்கு பக்கத்துல வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கும், அதாவது நவம்பர் 27-ல இருந்து டிசம்பர் 3-க்குள்ள எப்ப வேணும்னாலும் வரலாம். அதனால சில வருஷம் 28 நாள் கிடைக்கும், சில வருஷம் 22 நாள்தான். ஊதா கலர், மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ் கலர், பூசையில "உன்னதங்களிலே"ங்கிற பாட்டை பாட மாட்டாங்க, அல்லேலூயா மட்டும் இருக்கும். சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்) சபைகள்லயும் நாலு ஞாயிறுதான். சீரோ மலபார், மலங்கரைங்கிற கிழக்கத்திய ரீத்து கத்தோலிக்க வீட்டுக்காரங்களுக்கு டிசம்பர் 1-ல இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் 25 நோம்பு. எங்க பக்கம் இதெல்லாம் ஒரே தெருவுலயே இருக்கும், தக்கலையும் மார்த்தாண்டமும் 1996-ல வந்த மறைமாவட்டம் (ஒரு ஆயருக்கு கீழ வர்ற பகுதி), குழித்துறை 2014-ல வந்தது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரீத்து, கல்யாணம் மட்டும் எல்லாரும் எல்லார் வீட்லயும் பண்ணிப்பாங்க. அதனால உங்க வீட்ல யாரு எதை எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு முதல்லயே பேசி வச்சுக்கோங்க.

நோம்பு எடுக்கிறதா இருந்தா ஒண்ணை மட்டும் விடுங்க, பெரிய லிஸ்ட் போடாதீங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு மீன் இல்லாம ஒரு வாரம் இருக்கிறதே பெரிய விஷயம், மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) காந்தாரி மிளகா சம்மந்தியை மட்டும் தொட்டுக்கிட்டு சாளைக் குழம்பை நினைக்காம இருக்க முடியுதான்னு பாருங்க. நினைச்சதெல்லாம் நினைச்ச நேரத்துக்கு கிடைக்காதுன்னு உடம்புக்கு கத்துக்கொடுக்குறதுதான் நோம்பு, பிற்பாடு மனசுக்கும் அது உதவும்.

படி 1: ஒரே ஒரு விஷயத்தை எடுங்க

"என் வாழ்க்கையை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்"னு மொத்தமா சொல்றது நல்லா இருக்கும், ஆனா அதுல ஒண்ணும் மாட்டாது. இப்ப உங்க தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு விஷயம் எதுவோ அதை ஒரு தாள்ல எழுதுங்க. நடுவுல ஒரு கோடு போட்டு, இடது பக்கம் நான் செய்ய வேண்டியது, வலது பக்கம் என் கையில இல்லாதது.

உதாரணத்துக்கு மகளுக்கு ஜெர்மனியில நர்ஸ் வேலை பாக்குறீங்கன்னு வைங்க. ஜெர்மன் மொழி பி2 லெவல் கிளாஸ் ஒழுங்கா போறது, சர்ட்டிபிகேட் அட்டெஸ்டேஷன், ஏஜென்ட் உண்மையானவரான்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறது, பணத்துக்கு ரசீது வாங்குறது, இதெல்லாம் இடது பக்கம். இன்டர்வியூ, விசா, அந்த ஆஸ்பத்திரி எடுக்குமா எடுக்காதா, இது வலது பக்கம். நம்ம ஆளுங்க பெரும்பாலும் மாத்திப் பண்றாங்க, வலது பக்கத்தை நினைச்சு ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு இடது பக்கத்தை "கடவுள் பாத்துப்பாரு"ன்னு விட்டுடுறாங்க. ரசீது வாங்காம பணத்தைக் கொடுத்துட்டு அப்புறம் கடவுள் சித்தம்னு சொன்னா அவர் என்ன செய்வாரு? ரப்பர் வெட்டுறவரு விடியக்காலையில எழும்பி, கத்தி தீட்டி, பட்டையை சரியா சீவி, சிரட்டையை வச்சிட்டு வருவாரு, பால் எவ்வளவு ஊறும், மழை வந்து கெடுக்குமாங்கிறது அவரு கையில இல்ல, அதுக்காக அவரு வெட்டாம இருக்கிறதும் இல்ல.

முதல் வாரம் முழுக்க இந்த தாள் ஒண்ணு போதும். தினமும் ஒரு தடவை எடுத்து, இடது பக்கத்துல இன்னைக்கு ஒண்ணை செஞ்சு முடிங்க, வலது பக்கத்தை சத்தமா வாசிச்சு "இது உம்ம கையில"ன்னு சொல்லி மடிச்சு வைங்க. மறுபடி மனசு அங்கயே போகும், போகட்டும், மறுபடி சொல்லுங்க.

படி 2: கேள்வியைக் கேட்டுருங்க

லூக்கா முதல் அதிகாரத்தை இந்த காலத்துல ஒரே மூச்சில வாசிச்சுப் பாருங்க. வானதூதர் ரெண்டு பேர்கிட்ட, வயசான குரு செக்கரியாகிட்டயும் மாதாகிட்டயும், புள்ள பிறக்கும்னு சொல்ல வர்றாரு. செக்கரியாவும் கேள்வி கேக்குறாரு, மாதாவும் கேள்வி கேக்குறாங்க. செக்கரியா நம்புறதுக்கு ஆதாரம் கேட்டாரு, பேச்சு போச்சு. மாதா "இது எப்படி நிகழும்?"னு வழி கேட்டாங்க, பதில் கிடைச்சுது. அதுக்கு அப்புறம்தான் "நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்"னு வருது. கேள்வி முதல்ல, ஆமென் அப்புறம்தான். செக்கரியாவையும் கடவுள் தள்ளிவிடலங்கிறதை கவனிங்க, ஊமையா இருந்தவருக்கும் சொன்ன புள்ள பிறந்துது.

எங்க மண்ணுல இதுக்கு ஒரு பெரிய சாட்சியே இருக்கு. நட்டாலத்துல 1712-ல பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில அதிகாரி. குடும்பத்துல நஷ்டத்து மேல நஷ்டம் வந்து மனசு உடைஞ்சு நின்னப்போ, குளச்சல் போர்ல தோத்து பிடிபட்டு அப்புறம் மகாராஜா படையிலயே சேந்த டச்சு கேப்டன் டிலனாய் அவருக்கு பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபு கதையைத்தான் சொன்னாரு. அதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது, 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு, 1752 ஜனவரி 14-ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15-ல புனிதர் பட்டம்.

யோபுன்னாலே பொறுமைன்னு சொல்லி முடிச்சிடுறோம். அந்த புஸ்தகம் 42 அதிகாரம், அதுல பெரும்பகுதி வாக்குவாதம். யோபு பிறந்த நாளையே சபிக்கிறாரு, கடவுளை பதில் சொல்லக் கூப்பிடுறாரு. கூட இருந்த மூணு சினேகிதங்கதான் "நீ பாவம் செஞ்சிருப்ப, அதான் இப்படி"ன்னு கடவுளுக்கு வக்கீலா பேசுறாங்க. கடைசியில கடவுள் கோபப்பட்டது யார் மேல? அந்த வக்கீலுங்க மேல. என் ஊழியன் யோபு மாதிரி நீங்க என்னைப் பத்தி சரியா பேசலன்னு சொல்றாரு (யோபு 42:7). இதை ரெண்டாவது வாரத்துல நிதானமா வாசிங்க, முழுசா முடியலன்னா 1, 2, 3, 38, 42 அதிகாரமாவது வாசிங்க.

படி 3: குனியுறதை தாழ்ச்சின்னு நினைச்சுடாதீங்க

இது எங்க பக்கத்துக்காரங்க மத்தவங்களை விட நல்லா புரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். திருவிதாங்கூர்ல நாடார் பொம்பளைங்க மேல்துணி போடக்கூடாதுன்னு அடிச்சுக் கிழிச்ச காலம் உண்டு, அதை எதிர்த்து கல்குளம், விளவங்கோடு பக்கத்துல பல வருஷம் போராட்டம் நடந்து 1859 ஜூலை 26-ல தான் அரசு உத்தரவு வந்துது. அந்தப் பொம்பளைங்ககிட்ட யாராவது போய் "தாழ்ச்சியா இருங்க, இது தேவ சித்தம்"னு சொல்லியிருந்தா அது எவ்வளவு பெரிய பாவம்! மாதா தன்னோட சொந்தக்காரி எலிசபெத் வீட்ல பாடின பாட்டுலயும் வலியவங்களை சிம்மாசனத்துல இருந்து இறக்குறாரு, தாழ்ந்தவங்களை தூக்குறாருன்னுதான் வருது.

அதனால வீட்ல அடி வாங்குற பொண்ணுகிட்ட "சிலுவையை சுமந்துக்கோ மக்களே"ன்னு சொல்லாதீங்க, அது கடவுள் சித்தம் கிடையாது, அவளை முதல்ல பத்திரமான இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க. ஜெபம் எல்லாம் அப்புறம்.

அப்ப தாழ்ச்சின்னா எப்படித் தெரியும்? மாதா ஆமென் சொன்ன உடனே என்ன பண்ணாங்கன்னு பாருங்க, மலைநாட்டுக்கு விரைஞ்சு போய் கர்ப்பிணியா இருக்கிற வயசான சொந்தக்காரிக்கு கூட இருந்தாங்க, ஏறக்குறைய மூணு மாசம். கடவுளோட தாய்னு தெரிஞ்ச அப்புறம் போய் இன்னொருத்தர் வீட்டு அடுக்களையில நிக்கிறது. உங்களுக்கும் அதேதான், உங்க காத்திருப்பு நடக்குற நாள்லயே காத்திருக்குற இன்னொரு வீட்டுக்கு போங்க, மெடிக்கல் காலேஜ்ல ஆளுக்குத் துணையா நிக்கிறவங்களுக்கு சோறு கொண்டு கொடுங்க, யாருக்கும் சொல்லாம.

படி 4: தினமும் ரெண்டு ஜெபம், அதுக்கு மேல வேண்டாம்

ஒண்ணு மூவேளை ஜெபம். கோயில் மணி காலையில, மத்தியானம், சாயங்காலம் அடிக்கும், அதுல "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்"ங்கிற வரி வருதுல்ல, அங்க ஒரு மூச்சு நிறுத்தி அந்த தாள்ல எழுதின விஷயத்தை நினைங்க. ஸ்கூட்டர்ல போறப்பவோ கடையில நிக்கிறப்பவோ மணி கேட்டா மனசுக்குள்ள சொன்னா போதும், சிஎஸ்ஐ நண்பர்கள் லூக்கா 1:38-ஐ மட்டும் சொல்லிக்கலாம்.

இன்னொண்ணு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி, இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை. நன்றி சொல்லுங்க, வெளிச்சம் கேளுங்க, அன்னைக்கு நடந்ததை காலையில இருந்து ஓட்டிப் பாருங்க, தப்புக்கு மன்னிப்பு கேளுங்க, நாளைக்கு என்னன்னு தீர்மானிங்க. திருவருகைக் காலத்துக்கு நான் இதுல ஒரு கேள்வியை சேத்துக்குவேன்: இன்னைக்கு எந்த இடத்துல நான் கடவுளா நடந்துக்கிட்டேன்? மருமகளை கன்ட்ரோல் பண்ணது, புள்ளை போன் எடுக்கலன்னு பத்து தடவை கூப்பிட்டது, இதெல்லாம் அங்க வந்து நிக்கும் பாருங்க.

டிசம்பர் 1 புனித சார்லஸ் தெ ஃபூக்கோ திருநாள். 1916-ல அதே நாள்ல சஹாரா பாலைவனத்துல சுடப்பட்டு செத்த பிரெஞ்சு துறவி, நம்ம தேவசகாயத்துக்கு புனிதர் பட்டம் கொடுத்த அதே திருப்பலியில அவருக்கும் கொடுத்தாங்க. அவரு பேர்ல இருக்கிற கையளிப்பு ஜெபம், அதாவது என்னையே உம்ம கையில விட்டுடுறேன்னு சொல்ற ஜெபம், சின்னது, ஆனா உண்மையா சொல்லணும்னா பயமா இருக்கும். எடுத்த உடனே முழுசா சொல்ல வேண்டாம், எந்த வரி தொண்டையில மாட்டுதோ அங்க நிறுத்தி "இதை சொல்ற மனசு எனக்கு இன்னும் இல்ல, தாரும்"னு கேளுங்க, அதுவே ஜெபம்தான்.

படி 5: முடிவு எடுக்க வேண்டி வந்தா

மாதாவோட கணவர் புனித சூசையப்பர் சுவிசேஷத்துல ஒரு வார்த்தை கூட பேசல. ஆனா மாதா கர்ப்பம்னு தெரிஞ்சப்போ அவரு யோசிச்சாரு, யாரையும் அசிங்கப்படுத்தாத ஒரு முடிவுக்கு வந்தாரு, அப்புறம் கனவுல வேற வழி காட்டினப்போ எழும்பி அதை செஞ்சாரு. பைபிளை கண்ணை மூடித் திறந்து விரல் வச்ச வசனத்தை எடுத்துக்கிறது, வாட்ஸ்அப்ல வர்ற "இந்த மாசம் உங்களுக்கு கதவு திறக்கும்" தீர்க்கதரிசனம், இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதுல நாம தேடுறது நமக்குப் பிடிச்ச பதிலைத்தான்.

இஞ்ஞாசியார் சொன்ன ஒரு ரூல் போதும்: மனசு இருண்டு, ஜெபம் வராம, எல்லாம் வீண்னு தோணுற நாள்ல முன்னாடி நல்ல மனநிலையில எடுத்த முடிவை மாத்தாதீங்க. அதுக்கு மேல குழப்பம்னா ஃபாதர்கிட்டயோ, உங்களுக்கு ஆமா போடாத ஒரு பெரியவங்ககிட்டயோ பேசுங்க, எப்படியும் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்கு போவீங்கல்ல, அப்பவே கேட்டுருங்க. அந்த இருட்டு வாரக்கணக்கா போகுது, தூக்கம் சாப்பாடு எல்லாம் போச்சுன்னா டாக்டரையும் பாருங்க, டாக்டர்கிட்ட போறதுனால விசுவாசம் குறைஞ்சிராது.

படி 6: மத்தவங்க துக்கத்துக்கு சித்தம்னு பேர் வைக்காதீங்க

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், இதுக்காகவே மத்ததெல்லாம் எழுதுறேன்னு வச்சுக்கோங்க.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அந்த வருஷம் திருவருகைக் காலம் டிசம்பர் 3 ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஊர்கள்ல, அது தமிழ்நாட்டுல இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தை சேந்த கடற்கரை, ஆழ்கடலுக்கு போனவங்களை எண்ணிக்கிட்டு இருந்த நாள் அது. முதல் மெழுகுவர்த்தி ஏத்துற ஞாயிறு. காத்திருக்கிறதுன்னா என்னன்னு அந்த வீடுகளுக்கு யாரும் பிரசங்கம் வைக்க வேண்டியிருக்கல. டிசம்பர் 7-ல அந்த ஜனங்க ஆயிரக்கணக்குல நடந்து வந்து குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாங்க, எங்க ஆளுங்களைத் தேடுங்கன்னு. ஜெபமாலையும் கையில இருந்துது, கோஷமும் வாயில இருந்துது. கடவுளை நம்பலையா அவங்க? நம்புனாங்க, அதனாலதான் ஒரு உசுரும் சும்மா போகக்கூடாதுன்னு போய் உக்காந்தாங்க. அவங்க பக்கத்துல போய் சித்தம்னு விளக்கம் சொல்ற தகுதி கரையில நின்ன எவனுக்கும் இல்ல.

சாவு வீட்ல நாம என்ன சொல்றோம்னு யோசிச்சுப் பாருங்க. எங்க பாட்டா இறந்தப்போ பக்கத்து வீட்டு சேச்சி அம்மச்சி கையைப் பிடிச்சு, "கடவுளுக்கு பிரியமானவங்களை அவரு சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு அம்மச்சி, அவரு சித்தம்"னு சொன்னாங்க. அம்மச்சி அவங்க முகத்தையே பாத்துட்டு, "எனக்கும் பிரியமானவருதான் பிள்ளே"ன்னு மட்டும் சொல்லிட்டு வெத்தலைப் பெட்டியை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. அந்த சேச்சி நல்ல மனசுக்காரங்கதான், அன்னைக்கு எல்லாருக்கும் கஞ்சி கொண்டு வந்ததே அவங்கதான், அந்த கஞ்சியோட நிறுத்தியிருக்கலாம்.

அதனால இந்த காலத்துல யாரு வீட்லயாவது இழப்புன்னா, போங்க, பக்கத்துல உக்காருங்க, பாத்திரம் கழுவிக் கொடுங்க, பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டுட்டு வாங்க. "ஏன்"னு அவங்க கேட்டா "எனக்கும் தெரியல"ன்னு சொல்லுங்க. "இதுவும் கடவுள் சித்தம்தான்"ங்கிற வார்த்தையை அவங்களே ஒருநாள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம், அதை நீங்க அவங்க வாய்க்குள்ள வைக்காதீங்க. என் கஷ்டத்தைப் பத்தி நான் சொல்லிக்கலாம், அடுத்தவன் கஷ்டத்துக்கு நான் சொல்லக்கூடாது. இழப்புக்கு அப்புறம் வர்ற முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்ல குடில், மரம் ஒண்ணும் வைக்கலன்னா அதையும் கேள்வி கேக்காம விடுங்க, கேரல் டீம் அந்த வாசல்ல டிரம்ஸை நிறுத்திட்டு ஒரு பாட்டை மெதுவா பாடிட்டு போகலாம், முதல்லயே கேட்டுட்டு.

படி 7: டிசம்பர் 25 வந்தும் பதில் வரலன்னா

வராமலும் போகலாம், இதை முதல்லயே ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறது நல்லது.

கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24-ல இருந்து டிசம்பர் 3 வரைக்கும், அதாவது திருவருகைக் காலம் ஆரம்பிக்கிற நேரத்துலதான் நாம தேர் பாக்குறோம், மாவட்டத்துக்கே லீவு, மிட்டாய் கடை, ராட்டினம். ஆனா டிசம்பர் 3 எப்படிப்பட்ட நாள்? நம்ம திருவிதாங்கூர் கரையில 1544-ல ஒரே மாசத்துல 10,000 பேருக்கு மேல ஞானஸ்நானம் கொடுத்தேன்னு கடிதம் எழுதின மனுஷன், 1552-ல சீனாவுக்குள்ள போகணும்னு ஆசைப்பட்டு, அந்தக் கரைக்கு கொஞ்ச தூரத்துல இருக்கிற சான்சியான் தீவுல, கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு கொடுத்த வியாபாரியோட படகுக்காக நாள் கணக்கா காத்திருந்தாரு. படகு வரவே இல்ல. காய்ச்சல் வந்து அந்த டிசம்பர் 3-ல அங்கயே செத்துட்டாரு, வயசு 46. அவரு கேட்டது நல்ல விஷயம், கடவுளுக்காகவே கேட்டது, ஆனாலும் கிடைக்கல. அந்த வராத படகுக்கு நானும் விளக்கம் சொல்ல மாட்டேன், சவேரியார் கேட்டே கிடைக்காதது உண்டுன்னு தெரிஞ்சா நம்ம கேட்டது கிடைக்காதப்போ "என் விசுவாசம் பத்தல"ன்னு நம்மளையே அடிச்சுக்க வேண்டாம்ல, அதுக்காக சொல்றேன்.

டிசம்பர் 17-ல இருந்து 24 வரைக்கும் உள்ள நாள்கள்ல புதுசா எதையும் கேக்காதீங்க. அந்த தாள்ல இடது பக்கம் என்னென்ன முடிச்சீங்கன்னு டிக் போடுங்க, வலது பக்கத்தை அப்படியே விடுங்க. எலிசபெத் வீட்ல பாடின மாதாவோட பாட்டை (லூக்கா 1:46-55) தினமும் சாயங்காலம் ஒரு தடவை வாசிங்க. தாளை குடில்ல வைக்கோலுக்கு அடியில வைக்கிற பழக்கம் சில வீடுகள்ல உண்டு, பிடிச்சா வைங்க, இல்லன்னா பைபிளுக்குள்ள இருக்கட்டும். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில ஆண்டவரோட திருமுழுக்கு விழா வரைக்கும் போகும், அது வரைக்கும் தாளைத் தூக்கிப் போடாதீங்க, விஷயம் மாறலன்னாலும் இடது பக்கத்துல புதுசா செய்ய வேண்டியது ஒண்ணு ரெண்டு வந்திருக்கும், அதை சேத்து எழுதுங்க.

நைட் டூட்டி, கல்ஃப்ல ஷிப்ட், ஆஸ்பத்திரியில ஆளுக்கு துணைன்னு இருக்கிறவங்க ஏழு படியும் முடியாதுன்னு விட்டுடாதீங்க. படி 1-ல உள்ள தாளும், தினமும் ஒரு தடவை லூக்கா 1:38-ம் போதும். டிசம்பர்ல பாதியில ஆரம்பிச்சாலும் சரிதான், கடைசி ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சாலும் சரிதான்.